பிள்ளையை யார் வீட்டில் விடுவது?



செனாய் வட்டாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். அம்மாவுக்கு மின்னியல் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பாட்டி, தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நான்காம் படிவத்தில் படிக்கும் மகள் ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாள்.

“அப்பா, பத்து மாசம் ஜெர்மனியில ஒரு குடும்பத்தோட தங்கி, அங்க உள்ள பள்ளிக்கூடத்துல படிக்கலாமாம். கையெழுத்துப் போடுங்க.”

“யார் வீட்டுல போய் இருக்கப் போற?” என்கிறார் அப்பா. “வயசுப் புள்ளய முன்பின் தெரியாதவங்க வீட்டுல விடுறதாவது!” என்கிறார் பாட்டி. பேரன் கேட்டிருந்தால் பாட்டி இவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார். அது வேறு விஷயம்.

பாட்டியைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டாம். அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்தப் பெற்றோரும் கையெழுத்துப் போடக்கூடாது.

இந்த மாணவர் பரிமாற்றம் எப்படி வந்தது? ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் உலகப் போரில், பிரான்சில் அடிபட்ட வீரர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு அது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று பல முனைகளில் அவர்கள் வண்டி ஓட்டினார்கள். போர் முடிந்ததும் அந்த ஓட்டுநர்களுக்கு ஒரு யோசனை. பிற நாட்டுப் பிள்ளைகள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளர்ந்தால், நாளை துப்பாக்கி தூக்கத் தயங்குவார்கள் அல்லவா? 1947இல் வெளிநாட்டு மாணவர்களை அழைத்து அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கவைத்தார்கள். அந்த அமைப்பு பிறகு மலேசியாவிலும் வேர்விட்டது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002இல் அமெரிக்க அரசு, முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களுக்காக முழு உபகாரச் சம்பளத்துடன் ‘யெஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் மலேசியாவும் இடம்பெற்றது. 2007இல் ஜப்பான் தொடங்கிய ‘ஜெனிசிஸ்’ திட்டம், ஆண்டுக்கு 6,000 இளையோர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு என்று அறிவிக்கப்பட்டது. அதன் குறுகிய காலப் பயணங்களிலும் ஜப்பானியர் வீட்டில் தங்கும் நாட்கள் உண்டு.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். தவறே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்கிராண்டன் என்ற ஊரில், வெளிநாட்டு மாணவர்கள் சிலர் சரியான சாப்பாடுகூட இல்லாமல், தங்கவே தகாத வீடுகளில் விடப்பட்டிருந்தது அம்பலமானது. 2010இல் அந்நாட்டு வெளியுறவு அமைச்சு விதிகளை இறுக்கியது. வீட்டின் வெளிப்புறம், சமையலறை, பிள்ளை படுக்கும் அறை, குளியலறை எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கவேண்டும். அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை. பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். காற்றடைத்த மெத்தை, மடக்குச் சோபா எல்லாம் ஆகாது. மாதம் ஒரு முறையாவது பொறுப்பாளர் பிள்ளையோடு தொடர்புகொண்டு பேசவேண்டும். ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளமும் கிடையாது. மெத்தை வரைக்கும் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் எங்கோ ஒரு பிள்ளை பட்ட பாடு அதில் இருக்கிறது.

ஆகவே ஜெர்மனியோ ஜப்பானோ, எந்த நாடாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள். அந்த வீட்டை யார் போய்ப் பார்த்தார்? பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு உண்டா? நள்ளிரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது? பதில் சொல்லத் தடுமாறும் ஏற்பாட்டாளரிடம் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பதில் கிடைத்துவிட்டால், அடுத்தது மொழி. ஜெர்மன் தெரியாத பிள்ளை அங்கே என்ன செய்யும் என்று அம்மா பயப்படுகிறார். இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் பலம் இருப்பதை நாமே மறந்துவிடுகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து முடித்தவர்களில் பலர், பெராலிஹான் என்னும் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, மலாயைப் பலப்படுத்திக்கொண்டு முதலாம் படிவத்துக்குப் போனவர்கள். புரியாத மொழியின் நடுவே உட்கார்ந்து, மற்றவர் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்து, பிறகு அர்த்தம் தெரிந்துகொண்ட அனுபவம் அது. நம் வீடுகளில் பலர் அதைக் குறையாகவே பேசுகிறார்கள். வெளிநாட்டில் முதல் மாதத்தைத் தாக்குப்பிடிக்கத் தேவைப்படுவது அதே பழக்கம்தான்.

ஜெர்மன் மொழியில் வீட்டாரையும் நண்பரையும் ‘டூ’ என்பார்கள். ஆசிரியரையும் அறிமுகமில்லாத பெரியவரையும் ‘ஸீ’ என்பார்கள். ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளை இதில் திண்டாடும். நீ, நீங்கள் என்று பிறந்ததிலிருந்தே பிரித்துப் பேசும் பிள்ளைக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் யாரை ‘டூ’ என்று அழைப்பது என்பதைப் புத்தகம் முழுவதும் சொல்லித்தராது. “என்னை டூ என்றே கூப்பிடு” என்று அந்த வீட்டு அம்மா ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லுவார். அங்கேதான் மொழி ஆரம்பமாகிறது.

ஜப்பானிய வீட்டில் குளியலறைக்கு வெளியே மொழி கற்க முடியாது என்றுகூட வேடிக்கையாகச் சொல்லலாம். முதலில் தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவவேண்டும். பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்கவேண்டும். அதே தண்ணீரில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். சோப்பு நுரையோடு இறங்கிய பிள்ளைக்கு அன்று கிடைக்கும் வார்த்தைகள் ஆயுளுக்கும் மறக்காது!

சாப்பாடு பெரிய விஷயம். மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளை அதைப் பாரத்திலேயே எழுதவேண்டும். கூச்சப்பட்டு விட்டுவிட்டு, அங்கே போய்த் தட்டைத் தள்ளினால், அன்போடு சமைத்தவர் மனம் வருந்தும். “நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, மன்னிக்கவும்” என்பதை அந்நாட்டு மொழியில் விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய்யட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்தால் யார் வீட்டில் தங்கும்? நம்மவர்கள் பெரும்பாலும் “எங்க வீடு சின்னது”, “வெள்ளைக்காரப் பிள்ளைக்கு என்ன சமைக்கிறது” என்று ஒதுங்கிக்கொள்கிறோம். தினமும் சமைப்பதையே சமைத்தால் போதும். ஒரு கட்டில், படிக்க ஒரு மேசை, கவனிக்க மனிதர்கள். செனாயில் அந்தப் பிள்ளை காலையில் சீருடையோடு பள்ளிக்குப் போய் மலாய் கற்கும். மாலையில் ஆங்கிலம் தெரியாத பாட்டியிடம் தமிழ் கற்கும். பாட்டியைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பாரா? நம் மகளை அங்கே ஓர் அம்மா பார்த்துக்கொள்வாரா என்று சந்தேகப்படும் குடும்பம், ஒரு முறை இங்கே அந்த வேலையைச் செய்து பார்க்கட்டுமே.

வயதையும் கவனியுங்கள். இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் 15 முதல் 18 வயது வரைதான். புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்த பிள்ளைக்கு எஸ்.பி.எம். எழுதும்போதே 18 ஆகிவிடும். பிறகு பார்க்கலாம் என்றால் கதவு மூடிவிடும். மூன்றாம், நான்காம் படிவத்திலேயே பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் விசாரிக்கத் தொடங்குங்கள்.

கடைசியாக அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு மணி நேரம் மகளோடு தமிழில் பேசினால், ஜெர்மன் நாக்கில் ஏறாது. அந்த வீட்டு மேசையில் அவள் நாற்காலியும் காலியாகவே இருக்கும். வாரம் ஒரு நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை செனாயில் மாலை ஆறு மணி என்றால், ஜெர்மனியில் கோடையில் பகல் பன்னிரண்டு, குளிர்காலத்தில் பதினொன்று. நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.