கூட்டம் சேர்க்கத் தெரிகிறது, வீட்டுக்கு அனுப்ப?

(முசிறி கூட்டத்தில் ஆற்றிய உரை)



மில்லில் சங்கு ஊதினால் வாசலில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வரும்போது முன்னும் பின்னுமாக வருகிறோம். ஷிப்டு விட்டால் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து விழுகிறோம். பெரிய கச்சேரிக்கும் கிரிக்கெட் பந்தயத்துக்கும் இதே கணக்குத்தான். வயற்காட்டுத் தோழர்களுக்கு இது ஏரிக் கணக்கு. கரை கட்டுகிறவன் மதகையும் கலிங்கையும் சேர்த்தே கட்ட வேண்டும்.

நம் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டம் நாள் முழுக்கப் பரவிப் போகிறது. ரயில் நிலையம் இருக்கிறது, சத்திரம் பஸ் நிலையமும் அருகில்தான். ஒரே நேரத்தில் கலையும் கூட்டத்தின் கதை வேறு.

சென்னையில் பாருங்கள். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி. டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஸ்தம்பித்தது. அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 6, மெரினாவில் விமான சாகசம். வந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்றார்கள். பகல் ஒரு மணிக்கு, உச்சி வெயிலில், அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். பக்கத்திலேயே ஓடும் பறக்கும் ரயிலோ அப்போது சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. கடற்கரை நிலையம் வரையான பாதை, பணிக்காக 2023 ஆகஸ்டிலிருந்தே மூடிக் கிடந்தது. மக்கள் மணிக்கணக்கில் ரோட்டிலும் பிளாட்பாரத்திலும் நின்றார்கள். அன்று ஐந்து பேர் இறந்தார்கள். விமானம் வரும் நேரத்தை நிமிஷக் கணக்கில் வகுத்தவர்களுக்கு ரயில் நேரம் மட்டும் எப்படி மறந்தது?

முடியாத காரியமா? இல்லை. சேப்பாக்கம் மைதானத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். பாதிப் பேர் பஸ்ஸில் போவதானால், பஸ்ஸுக்கு 60 பேர் வைத்தாலும் 300 நடைக்கு மேல் வேண்டும். நாலு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்று சுமார் 1,200 பேரை ஏற்றும். அதாவது 20 பஸ் வேலை. 2023 ஐ.பி.எல். பந்தயத்துக்கு, பந்தய டிக்கெட்டையே காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போய்வர ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. அதைத்தான் சட்டமாக்கச் சொல்கிறோம்: வீடு திரும்ப வண்டி இல்லாத கூட்டத்துக்கு அனுமதி இல்லை, செலவு வசூல் பண்ணுகிறவர் தலையில்.

இன்னொன்று. பஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் 'ஸ்பெஷல்' விட்டால், எங்கோ ஒரு கிராமத்து பஸ் நின்றுபோகிறது என்று அர்த்தம். டிரைவர், கண்டக்டர் தோழர்களுக்கு ஓய்வில்லாத இரட்டை டியூட்டி என்றும் அர்த்தம்.

முசிறிக்கு ரயில் கிடையாது. ஆற்றைத் தாண்டிக் குளித்தலைக்குத்தான் போக வேண்டும். ஆகவே அடுத்த ஏகாதசிக்கு ஸ்பெஷல் பஸ் பட்டியல் வருமுன்பே நாம் மனு கொடுப்போம்: சத்திரத்திலிருந்து குணசீலம் வழியாக முசிறிக்கு இரவு முழுவதும் பஸ் வேண்டும், நம் ஊர் பஸ் ஒன்றைக்கூட அதற்காக எடுக்கக் கூடாது. கையெழுத்துத் தாள் வாசலில் இருக்கிறது.