கடைசிக் குழாயிலிருந்து பார்ப்போம்



'எளிய மக்களுக்கு மலிவு விலையில் குடிநீர்ச் சாதனங்கள்' என்ற தலைப்பில் பேச அழைத்திருக்கிறீர்கள். கிராமக் குடிநீர் வழங்கல் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. பொறியியலும் வடிவமைப்பும் படிக்கும் தோழர்கள் இங்கே நிறைய இருப்பதால், ஒரு நல்ல சாதனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2009 டிசம்பரில் டாடா நிறுவனம் 'ஸ்வச்' என்ற வடிகட்டியைக் கொண்டுவந்தது. நெல் உமிச் சாம்பலும் வெள்ளி நுண்துகள்களும் சேர்ந்து கிருமிகளை நீக்கும். மின்சாரம் வேண்டாம், குழாய் இணைப்பும் வேண்டாம். குடத்துத் தண்ணீரை மேலே ஊற்றினால் போதும். தொடக்க விலை 749 ரூபாய். வயிற்றுப்போக்கில் குழந்தைகளைப் பறிகொடுக்கும் நாட்டில் இது தேவையான கண்டுபிடிப்பு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் வடிகட்டும் பல்பு 3000 லிட்டர் வரை தாங்கும். ஐந்து பேர் உள்ள குடும்பம் நாளைக்கு 15 லிட்டர் குடித்தால் 200 நாளில் தீர்ந்துவிடும். வேலை கிடைக்காத மாதத்தில் அது தீர்ந்தால் என்ன ஆகும்? கூலிக்காரக் குடும்பம் முதலில் தள்ளிப்போடுவது அந்தச் செலவைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. மேலே ஊற்றும் அந்தக் குடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 46.6 விழுக்காடு குடும்பங்களுக்கு வீட்டு வளாகத்திலேயே குடிநீர் இருந்தது. பட்டியல் சாதிக் குடும்பங்களில் அது 35.4 விழுக்காடு. இந்த இடைவெளியை அடைக்கும் வடிகட்டி எதுவும் இல்லை.

ஒரு சராசரி கிராமத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் இருக்கும். குழாய் ஊர்த் தெருக்களையெல்லாம் கடந்து கடைசியாகக் காலனிக்கு வரும். முன்னால் உள்ள வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சினால், கடைசிக் குழாயில் காற்றுதான் வரும். வால்வைத் திறப்பவர் யார், எவ்வளவு நேரம் திறக்கிறார், யார் சொல்லி மூடுகிறார் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்கிறது. குழாய் பதித்ததை எண்ணுவது எளிது. கடைசி வீட்டுக்கு அந்த 55 லிட்டர் வந்ததா என்று அளப்பதுதான் கடினம்.

சாதிக்குச் சுத்தம் என்பது கிருமி சம்பந்தப்பட்டதே அல்ல. மகாடு நகராட்சி 1924லேயே சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் போட்டது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றுதான் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு சாதி இந்துக்கள் 108 குடம் தண்ணீரை வெளியே எடுத்து, அதில் சாணமும் கோமியமும் கலந்து, குளத்தில் திரும்ப ஊற்றி 'சுத்தம்' செய்தார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்கு முடிய 1937 ஆனது.

95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான 10,000 லிட்டர் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றம் சாட்டியதோ அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவரை. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. குடிக்கும் நீரின் மீதே நம்பிக்கை போன ஒரு தெருவுக்கு, ஆளுக்கொரு வடிகட்டி கொடுத்தால் போதுமா?

அதற்காகச் சாதனங்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைச் செய்வது என்பதை மாற்றுங்கள் என்கிறேன். முன்வீடுகள் கூடுதலாக இழுக்க முடியாதபடி ஒவ்வொரு இணைப்பிலும் நீரோட்டத்தை மட்டுப்படுத்தும் மலிவான வால்வு செய்யுங்கள். தொட்டி மூடிக்கு நல்ல பூட்டு செய்யுங்கள். அதன் சாவி அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களிடமும் இருக்கட்டும். கடைசிக் குழாயில் எவ்வளவு நீர் வந்தது என்று எல்லோரும் பார்க்கும்படி காட்டும் மீட்டர் செய்யுங்கள். இவற்றுக்கான பணத்தை அரசு கொடுக்கட்டும். சுத்தமான தண்ணீர் தருவது அரசின் கடமை. அதை 749 ரூபாயாக மாற்றி ஏழை வீட்டின் தலையில் கட்டக் கூடாது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள் தோழர்களே. உங்கள் ஊரின் கடைசிக் குழாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு குடம் நிறைய அங்கே எத்தனை நிமிடம் ஆகிறது, தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். அந்தத் தாளைக் கிராம சபையில் வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதற்கு வரும் பதிலை வைத்துக்கொண்டு வடிவமைப்பைத் தொடங்கலாம்.