பெயர் ஏறாத காபி மூட்டை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தாவரவியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"ஏற்காட்டுக் காபியும் பிரெஞ்சு ஒயினும்" என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கல்லூரி விழாவில் மதுவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பயப்பட வேண்டாம். இங்கே பாட்டில் எதுவும் திறக்கப் போவதில்லை. ஒரு குடும்பம் ஒரு தோட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக எப்படிக் காப்பாற்றுகிறது என்பதுதான் நான் பேச வந்த விஷயம். இந்த அரங்கில் இருப்பவர்களில் சிலருக்குச் சேர்வராயன் மலையில் பூர்வீகப் பங்கு இருக்கிறது. அவர்களுக்காகவே முக்கியமாகச் சொல்கிறேன்.

பிரான்சின் தென்மேற்கே போர்தோ நகரம். அதற்குக் கிழக்கே பொமரோல் என்று ஒரு சிற்றூர். அங்கே மொத்தத் திராட்சைப் பரப்பே சுமார் 800 ஹெக்டேர்தான். அதில் 'வியூ ஷாட்டோ செர்த்தான்' என்று ஒரு தோட்டம். பெல்ஜியத்தைச் சேர்ந்த தியன்பான் என்ற ஒயின் வியாபாரிக் குடும்பம் 1924-இல் அதை வாங்கியது. இன்றும் அந்தக் குடும்பமே நடத்துகிறது. பரப்பு சுமார் 14 ஹெக்டேர். நம்ம கணக்கில் 35 ஏக்கர்! ஏற்காட்டில் 35 ஏக்கர் வைத்திருப்பவரை யாராவது பெரிய எஸ்டேட்காரர் என்பார்களா? ஆனால் அந்த 35 ஏக்கரின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும்.

அங்கே பெரும்பங்கு பயிராவது மெர்லோ என்ற கறுப்புத் திராட்சை. களிமண் நிலத்தில் நன்றாக வரும், சீக்கிரம் பழுக்கும், ஒயினுக்கு மென்மை தரும். அதோடு கபர்னே ஃபிராங் என்ற இன்னொரு திராட்சையின் ஒயினைக் கலக்கிறார்கள். அது மணத்தையும் முறுக்கையும் தரும். நம்ம வீட்டில் பிளான்டேஷன் ஏ-யோடு பீபெரி கலந்து அரைக்கிறோமே, அந்த மாதிரி. மெர்லோ சீக்கிரம் துளிர்ப்பதால் உறைபனிக்குச் சீக்கிரம் பலியாகும். 1956 பிப்ரவரிப் பனியில் பொமரோலில் ஏராளமான கொடிகள் செத்தன. 1991 ஏப்ரலில் துளிர் கருகி விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று. நம் மலையில் மார்ச், ஏப்ரலில் பூமழை தவறினால் என்ன ஆகும் என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஷ்டம் இரண்டு பேருக்கும் பொதுதான்.

இனி நம் கதைக்கு வருவோம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியைக் கொண்டு வந்தார். கிரேஞ்ச் எஸ்டேட் அந்தக் காலத்துச் சாட்சி. ஆக, நம் மலைக்காபிக்கு ஏறக்குறைய இருநூறு வயது. மரநிழலில், மிளகுக் கொடிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே வளரும் அரபிகா அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு தொழிலுக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சோதனை வந்தது. 1860-களில் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரெஞ்சுத் திராட்சையை அழிக்கத் தொடங்கியது. 1869-இல் இலங்கைக் காபியில் இலைத் துரு நோய் தோன்றி, பிறகு தென்னிந்தியாவுக்கும் பரவியது. இலங்கை காபியை விட்டுத் தேயிலைக்கு மாறிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டிப் பிழைத்தார்கள். நம் நாட்டில் பாலெஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையம் 1940-களில் எஸ்.795 என்ற ரகத்தைத் தந்தது. ஆக, செடியைக் காப்பாற்றும் வித்தையில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

பிறகு எங்கே பின்தங்கினோம்? பெயரில்!

போர்தோவிலும் ஒரு காலத்தில் தோட்டக்காரர் ஒயினைப் பீப்பாயில் வியாபாரிக்கு அனுப்பிவிடுவார். பாட்டிலில் அடைப்பது வியாபாரி. 1924-இல் மூத்தோன் தோட்டத்தின் பிலிப் டி ரோத்ஷில்ட், "எங்கள் ஒயின் முழுவதையும் எங்கள் தோட்டத்திலேயே அடைப்போம்" என்று முடிவெடுத்தார். மற்ற பெரிய தோட்டங்களும் பின்பற்றின. 1935-இல் ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டமும் வந்தது. நிலத்தின் பெயர் குடிப்பவர் மேசை வரை போய்ச் சேர்ந்தது.

இங்கே நடந்தது வேறு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டபோது தோட்டக்காரர்களைக் காப்பாற்ற ஏற்பாடு தேவைப்பட்டது. 1942 காபிச் சட்டத்தின் கீழ், விளைந்ததைக் காபி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். அந்த நேரத்தில் அது பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் போர் முடிந்து ஐம்பது வருஷம் ஆகியும் அது நீடித்தது. நல்ல பழமாகப் பொறுக்கிப் பறித்தவர் காபியும் அடுத்தவர் காபியும் தரம் பிரித்து ஒன்றாகக் கலந்தன. 1996-க்குள் கட்டுப்பாடு படிப்படியாக நீங்கியது. இன்று ரிவர்டேல் போன்ற ஏற்காட்டுத் தோட்டங்களின் பெயரைப் பொட்டலத்தின் மேலேயே பார்க்கலாம். ஆனால் மூட்டையாக விற்றுவிட்டு, காசை எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் பலருக்கு இன்னும் போகவில்லை. 2019-இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபூடன்கிரி என ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை. மலைக்குக் கீழே தயாராகும் சேலம் ஜவ்வரிசி 2023-இல் அதை வாங்கிவிட்டது!

தோழர்களே, இதைவிடப் பெரிய ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதுதான் பாகப்பிரிவினை. ஐம்பது ஏக்கர், நான்கு பிள்ளைகள் என்று வையுங்கள். ஆளுக்குப் பன்னிரண்டரை. ஊற்று ஒருவர் பங்கில், பல்ப்பர் இன்னொருவர் பங்கில், காயவைக்கும் களம் மூன்றாமவர் பங்கில். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கி, ஊறவைத்து, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் போட்டால்தான் நல்ல பார்ச்மென்ட். தண்ணீரும் களமும் இல்லாதவர் என்ன செய்வார்? பழத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். இரண்டு வருஷம் பார்ப்பார். மூன்றாம் வருஷம் விடுதி கட்ட ஆள் வந்து கேட்டால், "எடுத்துக்கோங்க" என்பார். நிழல் மரம் போகும். அதன் பின்னால் ஊற்றும் போகும். கீழே உள்ள பங்காளியின் செடியும் வாடும்.

பெண்களுக்குச் சம பங்கு கொடுக்கச் சொல்லித் தமிழ்நாடு 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் சட்டம் திருத்தப்பட்டது. அது நியாயம், அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. பிரான்சிலும் 1804 முதல் பிள்ளைகளுக்குச் சம உரிமைதான். ஆனால் தியன்பான் குடும்பத்து வாரிசுகள் மண்ணை வெட்டிக்கொள்ளவில்லை. தோட்டத்தைக் கம்பெனியாக்கி, அதில் பங்குகளை வைத்துக்கொண்டார்கள். வருமானம் எல்லோருக்கும், நிர்வாகம் தெரிந்தவர் கையில். பிறருக்கும் உதவ 1970-இல் குடும்ப விவசாய நிலக் கூட்டமைப்புக்கென்று தனிச் சட்டமே அங்கே போட்டார்கள். நமக்கும் கூட்டு நிறுவனம், கம்பெனி என்று வழி இருக்கிறது. அப்பா அம்மா உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசினால் ஆயிற்று. காரியம் முடிந்த பதினாறாம் நாள் பேசினால் சண்டைதான் மிச்சம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பொமரோலானாலும் ஏற்காடானாலும் தரம் என்பது பறிப்பவர் விரலில் இருக்கிறது. நவம்பர் தொடங்கிக் குளிரில் நின்று, சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பறிக்கிறவர் பெரும்பாலும் பெண்கள். ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை வர வேண்டும். எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் பச்சைக் காயும் சேர்ந்துதான் வரும். தோட்டத்தின் பெயரால் கூடுதல் விலை கிடைத்தால், அதில் ஒரு பங்கு அவர்களுக்கும் போக வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயர் நிலைக்கும்.

மாணவச் செல்வங்களே, வணிகவியல் படிப்பவர் ஒரு தோட்டத்துக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள். தாவரவியல் படிப்பவர் தண்டு துளைப்பான் பூச்சியைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்யுங்கள். சட்டம் படிக்கப் போகிறவர் குடும்ப ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். மலைக்கு உல்லாசப் பயணம் போகும்போது, குடிக்கும் காபி எந்தத் தோட்டத்தது என்று கடைக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். நூறு பேர் கேட்டால் அவர் பெயர்ப்பலகை வைப்பார்.

பங்குதாரர்களாக இருக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பொங்கலுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை கூடும்போது, விற்பதா என்ற பேச்சுக்கு முன்னால், சேர்ந்து நடத்த முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.