புரிந்ததா என்று முதலில் கேட்போம்

(ஆதிச்சநல்லூரில் நடந்த ஆங்கில ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று வாசித்தான். நிறுத்தினேன், மூன்று முறை சொல்ல வைத்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் ஆங்கிலப் பாடவேளையில் வாய் திறக்கவில்லை. தேர்வில் தேறினான், டிப்ளமோ முடித்தான், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். "சார், எங்க கொரியா மேனேஜர் பேக்டரி, பைனல், பைல்னுதான் சொல்றாரு. பாதி வாக்கியம் பேசுவாரு, மீதியைப் படம் போட்டுக் காட்டுவாரு. யாரும் சிரிக்கிறதில்ல. எனக்குத்தான் ஆறு மாசம் வாய் வரல" என்றான். அன்றுதான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கொரிய மொழியில் 'எஃப்' ஒலி இல்லை. நாம் 'காப்பி' என்பது போல அவர்களும் பகரம் போட்டே சொல்கிறார்கள். ஜப்பானியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். அதனால் 'பஸ்' அங்கே 'பசு' ஆகிறது. 'மில்க்' 'மிருகு' ஆகிறது. தமிழில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது. நாம் 'புக்கு', 'பேட்டு' என்கிறோம். மூன்று மொழிகளிலும் வினை கடைசியில் வரும். 'ஏ', 'தி' போன்ற சொற்கள் இல்லாததால் மூவருமே ஆங்கிலத்தில் அவற்றை விட்டுவிடுகிறோம். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் எழுதினார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். ஆங்கிலத்தில் நாம் இடறும் கல் ஒன்றுதான்.

பேசும் முறையிலும் இது உண்டு. நாம் கதை கேட்கும்போது 'உம்' கொட்டுவது போல, ஜப்பானியர் 'ஹாய், ஹாய்' என்பார்கள். ஆங்கிலத்தில் பேசும்போது அதுவே 'யெஸ், யெஸ்' ஆகிறது. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே அதன் பொருள். 'சம்மதம்' என்று எடுத்துக்கொண்டால் வம்பு. எதிர்மறைக் கேள்வி இன்னொன்று. "பார்ட்ஸ் நாட் கம்?" என்று மேனேஜர் கேட்டாராம். "யெஸ்" என்றான் நம் பையன். 'வரலையா?' என்றால் 'ஆமா, வரல' என்போமே, அந்த 'ஆமா'. ஆங்கிலேயர் குழம்பியிருப்பார். கொரியாவிலும் அதே வழக்கம் என்பதால் அவருக்குச் சரியாகவே புரிந்தது!

அப்படியானால் எந்தப் பிழை புரிதலைக் கெடுக்கிறது? ஜெனிபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தமக்குள் பேசுவதை ஆராய்ந்து 2000-இல் ஒரு நூல் வெளியிட்டார். 'ஷிப்', 'ஷீப்' போன்ற குறில் நெடில் வேறுபாடும், வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதும் முக்கியம் என்றார். மெய்யை விழுங்குவதைவிட ஓர் உயிரொலியைக் கூடுதலாகச் சேர்ப்பது பெரும்பாலும் குறைந்த கேடு என்றும் கண்டார். அந்தக் கணக்கில் 'இஸ்கூல்' சிறு பிழை. நான் அதற்குக் கொடுத்த தண்டனைதான் பெரிது.

தென் கொரியாவில் 1997 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் உண்டு. ஜப்பானில் 2020 முதல் ஐந்தாம் வகுப்பில் அது முறையான பாடம். பிழைக்குப் பயந்து வாய் திறக்காத பிள்ளைகள் அங்கும் இருக்கிறார்கள்.

பிழையைத் திருத்தவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்தில் திருத்தத்தான் வேண்டும். பேச்சில் மட்டும் மூன்று மாற்றங்கள் செய்து பார்த்தேன். ஒன்று, பேசும்போது குறுக்கிடுவதில்லை. பாடவேளை முடிவில் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் பொதுவாகத் திருத்துகிறேன். இரண்டு, 'ஒன்ஸ் மோர், ப்ளீஸ்', 'டூ யூ மீன் திஸ்?' என்று கேட்கப் பழக்குகிறேன். மூன்று, இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்கார வைக்கிறேன். ஒருவர் முதுமக்கள் தாழியின் படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல, மற்றவர் வரைய வேண்டும். தாழி தாழியாக வந்தால் மதிப்பெண்.

நம் பறம்புக்கு 1876-இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்தார். பிறகும் வெளியூரார் வந்துகொண்டே இருக்கிறார்கள். தூத்துக்குடியில் 2025-இல் வியட்நாம் நிறுவனத்தின் கார் ஆலை திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் ஆங்கிலம் பேசப்போவது பெரும்பாலும் இலண்டன்காரரோடு அல்ல. நம்மைப் போலவே ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவரோடுதான்.

அன்று அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றான். அவன் மறந்திருக்கலாம், நான் மறக்கக் கூடாது. நாளை ஒரு பிள்ளை 'இஸ்கூல்' என்றால், அது அடுத்து என்ன சொல்ல வருகிறது என்று முதலில் கேட்போம்.