அறிவுக்குப் பூட்டா?

(மண்ணரையில் நடைபெற்ற டெபியன் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இக்கூட்டத்தின் நோட்டீசைப் பார்த்த பலருக்கு, இதென்ன, இவர்களும் ஜெயந்தி கொண்டாட ஆரம்பித்து விட்டார்களோ என்கின்ற சந்தேகம் உண்டாகியிருக்கலாம். ஒரு தோழர் டீக்கடையில் வைத்து நம்மிடமே கேட்டுவிட்டார், "டெபியன் என்பது எந்த ஊர்ச் சாமிங்க?" என்று. பரிகாசமாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். ஏனெனில் நமது நாட்டில் விழா என்றாலே அதற்கொரு சாமி வேண்டும். அந்தச் சாமிக்கு ஒரு நட்சத்திரம் வேண்டும். கடைசியில் ஒரு உண்டியலும் வேண்டும். இன்றைய விழாவில் இவை ஒன்றுமில்லை. 1993-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இயான் மர்டாக் என்கின்ற 20 வயதுப் பிள்ளை ஒருவர் ஒரு காரியத்தை ஆரம்பிப்பதாக அறிவித்தார். அந்தக் காரியம் முப்பது வருஷத்தைத் தாண்டி இன்னும் நடந்து வருகிறது. அதைத்தான் கொண்டாடுகிறோம்.

அது என்ன காரியம் என்பதை நம் பனியன் கம்பெனிப் பாஷையிலேயே சொல்லி விடுகிறோம். ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் இருக்கிறது, டெய்லர் இருக்கிறார், வெட்டிய பீஸ் கட்டுக் கட்டாய்க் கிடக்கிறது. ஆனால் எந்தக் கட்டு எந்த மிஷினுக்கு, எது முந்தி, எது பிந்தி என்று பார்த்துப் பகிர்ந்து கொடுக்க ஒரு சூப்பர்வைசர் இல்லையென்றால் அன்றைக்கு ஒரு பீஸ்கூட வெளியே போகாது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளே அந்த சூப்பர்வைசர் வேலையைச் செய்வதற்குத்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதாவது இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் என்பது அப்படி ஒன்று. அது ஒரு கம்பெனியின் சொத்து. டெபியனும் அப்படி ஒன்றே. ஆனால் இது தனி மனிதனுக்கோ கம்பெனிக்கோ சொத்தல்ல.

இதையும் ஒரு மனிதர் தனியாகச் செய்துவிடவில்லை. 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யாரும் உள்ளே பார்க்கக்கூடிய, திருத்தக்கூடிய, பிறருக்குக் கொடுக்கக்கூடிய குனு என்ற இயங்குதளத்தைச் செய்யப்போவதாக அறிவித்தார். 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு நடுக்கருவாக அமைந்த லினக்ஸை எழுதினார். இவற்றையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்து, சோதித்து, ஜனங்கள் உபயோகிக்கும்படி கொடுக்க ஒரு கூட்டு முயற்சி வேண்டுமென்று இயான் மர்டாக் நினைத்தார். அவருடைய காதலியின் பெயர் டெப்ரா. டெப்ரா, இயான் இரண்டையும் சேர்த்து டெபியன் என்று பெயர் வைத்தார். பெண்ணின் பெயர் முன்னால் நிற்கிறது பாருங்கள்! நமது கல்யாணப் பத்திரிகைகளில் இதற்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ தெரியவில்லை.

நிற்க. "இதில் சுயமரியாதைக்காரர்களுக்கு என்ன வேலை?" என்று கேட்கலாம்.

பனியனுக்குப் பேட்டர்ன் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அது கையில் இருந்தால் கழுத்தை அகலப்படுத்தலாம், கையைக் குறைக்கலாம், வேறு அளவில் வெட்டலாம். பேட்டர்ன் இல்லாவிட்டாலும், தைத்த பனியனைப் பிரித்துப் பார்த்தே நமது கட்டிங் மாஸ்டர்கள் பேட்டர்ன் எடுத்து விடுவார்கள். கம்ப்யூட்டர் நிரலுக்கும் இப்படி ஒரு பேட்டர்ன் உண்டு. அதற்கு மூலநிரல் என்று பெயர். விண்டோஸ் விற்கின்ற கம்பெனி தைத்த பனியனைத்தான் கொடுக்கும், பேட்டர்னைக் கொடுக்காது. அதோடு, பிரித்துப் பார்க்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு எழுதி வாங்கிக் கொள்ளும். காசு கொடுத்தவன் நாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் யோக்கியதை நமக்கில்லை!

தோழர்களே, இந்தப் பேச்சை நாம் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறோமா இல்லையா? வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொல்கிறது கௌதம தர்ம சூத்திரம். கேட்டால் தப்பு, படித்தால் தப்பு. ஆனால் அதில் உள்ளபடி நடக்க மாத்திரம் வேண்டும், தட்சணையும் கொடுக்க வேண்டும். கோயிலைக் கட்டியவனும் கல் சுமந்தவனும் வெளியே நிற்க வேண்டும். 1922-ல் இதே திருப்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், நாடார்களும் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டோரும் கோயிலுக்குள் போகும் உரிமைக்காகப் பெரியார் வாதாடியபோது, எதிர்த்தவர்கள் சொன்ன காரணமும் சாஸ்திரந்தான். "உள்ளே வராதே, அது உனக்குப் புரியாது, நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்பது எந்தப் பாஷையில் சொல்லப்பட்டாலும், பூணூல் போட்டவன் சொன்னாலும் கோட்டுப் போட்டவன் சொன்னாலும் நமக்கு ஒன்றுதான்.

டெபியன்காரர்கள் 1997-ல் தங்களுக்குள் ஒரு சமுதாய ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். எந்த மனிதனுக்கும், எந்தக் கூட்டத்துக்கும், எந்தத் தொழிலுக்கும் பாகுபாடு காட்டும் நிபந்தனை உள்ள நிரலைத் தங்கள் இயங்குதளத்தின் பாகமாக ஏற்பதில்லை என்பது அதையொட்டி வகுத்த விதிகளில் ஒன்று. மடம் வைத்திருப்பவர்களும் உபயோகிக்கலாம், மடத்தை ஒழிக்க வேண்டுமென்கின்ற நாமும் உபயோகிக்கலாம். நமக்கு அதில் ஆட்சேபணை இல்லை. 1998-ல் ஒரு அரசியல் சட்டமும் எழுதிக் கொண்டார்கள். அதன்படி வருஷத்துக்கு ஒரு முறை தலைவரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் செய்தது சரியில்லையென்றால் உறுப்பினர்கள் தீர்மானம் கொண்டுவந்து அதை ரத்துச் செய்யலாம். ஆதீனகர்த்தர் செய்ததை ரத்துச் செய்ய நம் ஊரில் எந்தப் பக்தனுக்கு அதிகாரம் இருக்கிறது? ஆரம்பித்த இயான் மர்டாக் 1996-லேயே தலைமையை விட்டு விலகினார். 2015 டிசம்பரில் காலமும் ஆகிவிட்டார். வேலை ஒரு நாள்கூட நிற்கவில்லை. அவருக்குச் சமாதி கட்டிக் குருபூஜை நடத்த வேண்டிய அவசியமும் யாருக்கும் ஏற்படவில்லை.

இவர்கள் தப்பே செய்யாதவர்களா என்றால், செய்தார்கள். 2006-ல் டெபியனைச் சேர்ந்த ஒருவர் ரகசியச் சாவிகளை உண்டாக்குகின்ற நிரலில் தேவையில்லை என்று நினைத்து இரண்டு வரிகளை எடுத்து விட்டார். அதன் பலன், எண்ணி முடியாத அளவு இருக்க வேண்டிய சாவிகள் ஒரு வகைக்குச் சுமார் 32 ஆயிரமாகச் சுருங்கிப் போயின. ஊரிலுள்ள பூட்டுக்கெல்லாம் 32 ஆயிரம் சாவிதான் என்றால் திருடனுக்கு ஒரு இரவு போதாதா? இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2008-ல் லூசியானோ பெல்லோ என்கின்ற டெபியன் தோழரே அதைக் கண்டுபிடித்தார். மே மாதம் 13-ந் தேதி "எங்கள் தப்பு, எல்லோரும் சாவியை மாற்றுங்கள்" என்கின்ற பொருளில் உலகமறிய அறிவித்தார்கள். குறைகளை மறைப்பதில்லை என்பதும் அந்த ஒப்பந்தத்திலே உள்ள சங்கதிதான். சாஸ்திரத்தில் தப்பு இருக்கிறதென்று எந்தச் சங்கராச்சாரி எந்தத் தேதியில் நோட்டீஸ் போட்டார்?

2024-ல் நடந்தது இதைவிட விபரீதமானது. கோப்புகளைச் சுருக்குகின்ற எக்ஸ்-இசட் என்னும் ஒரு சின்ன நிரலை ஒரு மனிதர் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் பார்த்து வந்தார். அவர் களைத்துப் போயிருந்த சமயத்தில் ஒத்தாசை செய்வதுபோல் ஒரு புனைபெயர்க்காரன் வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாய் வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு அதற்குள் ஒரு திருட்டு வாசலை வைத்து விட்டான். அது டெபியனின் சோதனைப் பதிப்புக்குள்ளும் வந்து விட்டது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்கின்ற எஞ்சினியர், தம் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று கவனித்தார். அரை விநாடி, தோழர்களே! நாமாயிருந்தால் கிரகசாரம் என்றோ கண்ணேறு என்றோ சொல்லி ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கி வைத்திருப்போம். அவர் ஏன் என்று கேட்டார். மூலநிரல் திறந்து கிடந்ததால் தோண்டிக்கொண்டே போய்த் திருட்டு வாசலைப் பிடித்து விட்டார். மார்ச் மாதம் 29-ந் தேதி உலகத்துக்குச் சொன்னார். எல்லோரும் உபயோகிக்கின்ற நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேருமுன் தடுக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த எஞ்சினியர் உத்தியோகம் பார்த்தது விண்டோஸ் விற்கின்ற அதே மைக்ரோசாப்ட் கம்பெனியில்!

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டிய வேறொரு பக்கமும் இருக்கிறது. கோடி கோடியாய் லாபம் பண்ணும் கம்பெனிகள் உபயோகிக்கின்ற ஒரு பண்டத்தை, ஒரு மனிதர் கூலியில்லாமல் களைத்துப்போகும் மட்டும் சுமந்திருக்கிறார். பீஸ் ரேட்டுக்குத் தைக்கின்ற நமக்கு இது புதிதா? வெளிநாட்டுக் கடையில் பனியனுக்குப் போடும் விலைக்கும் நம் கைக்கு வரும் கூலிக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ஆகவே இது பெரிய தியாகம், புண்ணியம் என்று மாத்திரம் சொல்லி நாம் கைதட்டி விட்டுப் போகத் தயாராயில்லை. அறிவு பொதுவாக இருக்க வேண்டும். அதற்கு உழைத்தவன் சோற்றுக்கும் வழி இருக்க வேண்டும். இரண்டாவது காரியத்துக்கு டெபியன்காரர்களும் இன்னும் வழி காணவில்லை. பெண்கள் தொகையும் அவர்களுக்குள் மிகக் குறைவு. 2004-ல் டெபியன் பெண்கள் என்று ஒரு தனி முயற்சி தொடங்க வேண்டிய நிலைமை இருந்தது.

இனித் தமிழைப் பற்றிச் சில வார்த்தை. கம்பெனிக்காரன் நம் பாஷையைச் சேர்ப்பதானால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் பார்ப்பான். சேர்த்தாலும் அவன் தயவு, எடுத்தாலும் அவன் இஷ்டம். டெபியனில் அப்படியில்லை. உழைக்க ஆள் இருந்தால் பாஷை உள்ளே வரும். இன்று டெபியனைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே கேட்கின்ற பாஷைகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. 1935-ல் 'குடிஅரசு' எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டது; சர்க்கார் அதை ஏற்க 1978 ஆயிற்று. இதே கதைதான் கம்ப்யூட்டர் எழுத்திலும். ஒரு கடையில் அடித்த தமிழ் இன்னொரு கடையில் பூச்சி பூச்சியாய்த் தெரிந்த காலம் நம்மில் பலருக்கு ஞாபகமிருக்கும். ஆளுக்கொரு முறை வைத்துப் பூட்டிக் கொண்டதன் பலன் அது. 2010-ல்தான் தமிழ்நாடு சர்க்கார் யூனிகோடு முறையை ஏற்று உத்தரவு போட்டது. 'கணியம்' பத்திரிகை 2012 முதல் இவ்விஷயங்களைத் தமிழிலேயே எழுதி வருகிறது. 2023 ஜனவரியில் டெபியன்காரர்களின் கூட்டம் விழுப்புரத்தில் நடந்தது. அதே வருஷம் செப்டம்பரில் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. விழுப்புரத்துக்கு வரலாமானால் மண்ணரைக்கு ஏன் வரக்கூடாது?

வந்தும் இருக்கிறது; நாம்தான் கவனிக்கவில்லை. 2011 முதல் நம் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' என்றொரு இயங்குதளமும் இருந்தது. அது சென்னை சி-டாக் ஸ்தாபனத்தார் டெபியனை வைத்துச் செய்து 2007-ல் வெளியிட்டது. எத்தனை பிள்ளைகள் திறந்து பார்த்தார்கள்? எத்தனை வாத்தியார்கள் காட்டிக் கொடுத்தார்கள்? கொடுத்த பொருளையும் சொல்லிக் கொடுக்காமல் விட்டால் பூட்டினதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பாதி வீடுகளில் அந்த லேப்டாப் பரணில் கிடக்கிறது.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த சாதாரண ஆதரவை அக்கம்பெனி நிறுத்தி விட்டது. புதிய விண்டோஸ் பல பழைய பெட்டிகளில் ஏறாது. ஆகவே ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்காரர், ஓடிக்கொண்டிருக்கிற பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமாம். அப்பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் டெபியன் தாராளமாக ஓடும். பூமிக்கு மேலே சுற்றுகின்ற விண்வெளி நிலையத்தின் லேப்டாப்புகளிலேயே 2013-ல் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியனைப் போட்டார்கள் என்றால், நமது பில் போடுகிற மேஜைக்கு அது போதாதா?

எல்லா வேலையும் இதில் ஆகும் என்று நாம் புளுக வரவில்லை. பெரிய கம்பெனிகளில் மார்க்கர் போடும் சில சாப்ட்வேர்கள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கு விண்டோஸ்தான் வேண்டும். ஆனால் எழுத்து வேலை, கணக்கு வேலை, பிரிண்டிங் டிசைன் ஆகியவற்றுக்கு இதில் வழியிருக்கிறது. எம்பிராய்டரிக்கு இங்க்ஸ்டிச், பேட்டர்ன் போட வேலண்டினா என்கின்ற நிரல்களும் உண்டு. திருட்டுக் காப்பி போட்டுக்கொண்டு, எந்த நாள் வக்கீல் நோட்டீஸ் வருமோ என்று பயந்து கிடப்பதைவிட இது மானமான காரியம். இங்கிலீஷில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே வார்த்தை இருப்பதால் அவர்கள் இதை விளக்கிக் கஷ்டப்படுகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமில்லை. தமிழில் இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர்.

ஒன்று மாத்திரம் சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்கிறோம். ஆயுத பூஜை வந்தால் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, விபூதி உள்ளே விழுந்து காற்றாடி அடைத்துக்கொண்டு, மறுநாள் ரிப்பேர்காரரைத் தேடுகின்ற கம்பெனிகள் இந்த ஊரிலும் இருக்கின்றன. இந்த வருஷம் அந்தப் பொரிகடலைக் காசில் ஒரு பென் டிரைவ் வாங்குங்கள்.

மேடைக்குப் பின்புறம் மூன்று பழைய பெட்டிகளை வைத்திருக்கிறோம். டெபியனை எப்படி ஏற்றுவது என்று இளந்தோழர்கள் இப்போது செய்து காட்டுவார்கள். வீட்டிலிருந்து லேப்டாப் கொண்டு வந்திருப்பவர்கள் அதிலுள்ள போட்டோக்களையும் கணக்குகளையும் முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக் கொள்ளுங்கள். தாய்மார்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பார்த்துக்கொண்டு மாத்திரம் இராமல், கீபோர்டை வாங்கி நீங்களே அடியுங்கள்.