சிலந்தி சுமந்த பாதரசம்

பாதரசம் கலந்த மீனைத் தின்றால் மீன்கொத்திக்கு ஆபத்து, அது தெரிந்ததுதான். மீனையே தொடாத சின்னப் பறவைகளுக்கு?

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் வேன்ஸ்போரோ ஊரில் டூபான்ட் நிறுவனத்தின் செயற்கை நூலிழை ஆலை ஒன்று. அங்கே 1929 முதல் 1950 வரை பாதரசம் பயன்பட்டது. அது கசிந்து சவுத் ரிவர் ஆற்றில் இறங்கியது.

வில்லியம் அண்ட் மேரி கல்லூரி ஆய்வாளர்கள் கரையோரப் பாட்டுப் பறவைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மீனே தின்னாத பறவைகளுக்கும் ரத்தத்தில் பாதரசம்! எப்படி வந்தது? 2008-ல் விடை வெளியானது: சிலந்தி.

ஆற்றுச் சேற்றில் பாக்டீரியா பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அது பூச்சிகளின் உடம்பில் ஏறும்; ஏறினால் லேசில் இறங்காது. சிலந்தி பூச்சிகளைப் பிடித்துத் தின்கிற ஜீவன் அல்லவா? அத்தனை பூச்சியின் நஞ்சும் அதன் உடம்பில் சேர்கிறது. தாய்ப்பறவை அந்தச் சிலந்தியைக் கவ்விவந்து குஞ்சுக்கு ஊட்டுகிறது.

கரோலினா ரென் என்று ஒரு குருவி. கைக்குள் அடங்கிவிடும், குரலோ ஊரைக் கூட்டும். நஞ்சேறிய கரையில் அதன் பாட்டு எளிமையாகி, சுருதியும் தாழ்ந்திருந்தது. கூடுகளில் குஞ்சு பொரித்துத் தேறுவதும் குறைந்தது.

2016-ல் டூபான்ட் சுமார் 5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. ஆலை பாதரசத்தை நிறுத்தி அப்போதே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.