தொட்ட காயும் விட்ட அலையும்



செங்கற்பட்டிலிருந்து வந்திருக்கும் என்னை, போட்டிகளில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் எவ்வளவு அவசியம் என்பதைப் பற்றிப் பேசும்படி இச்சங்கத்தார் பணித்திருக்கிறீர்கள். ஒழுக்கத்தைப் பற்றி உபந்நியாசம் செய்ய ஒருவன் எழுந்தால் பிள்ளைகள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவது எந்தத் தேசத்திலும் வழக்கமாதலால், உபதேசத்தை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, எங்கள் ஜில்லாவின் கடற்கரையில் நடந்த இரண்டொரு காரியங்களைச் சொல்லலாம் என்று உத்தேசித்திருக்கிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டு முற்பகுதியிலுமாக, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. ருஷ்யாவில் நடப்பதாக இருந்து, யுத்தத்தின் காரணமாக இடம் மாறி, சில மாத அவகாசத்தில் நம் பக்கம் வந்து சேர்ந்த அந்த வைபவத்துக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகள் தத்தம் அணிகளை அனுப்பியிருந்தன. வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற குதிரை முகத்துப் போட்டிச் சின்னம் ‘தம்பி’ அவர்களை வரவேற்றான். இந்தியாவின் இரண்டாவது அணியில் முதற்பலகையில் ஆடிய குகேஷுக்கு அப்போது வயது 16. முதல் எட்டுச் சுற்றுகளில் எட்டு வெற்றிகள். எட்டாவது சுற்றில் அவரிடம் தோற்றவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. ஒன்பதாவது ஆட்டம் சமனாயிற்று. பத்தாவது சுற்றில், உஸ்பெகிஸ்தானின் 17 வயது அப்துசத்தாரோவுக்கு எதிராக வெல்லத்தக்க நிலையை அடைந்தும், கடிகாரம் நெருக்கிய வேளையில் செய்த ஒரு பிழையால் அந்த ஆட்டத்தை இழந்தார். அணிகளின் கணக்கு இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. நம் பிள்ளைகளுக்கு வெண்கலம்.

சதுரங்கத்தில் தோற்பது எத்தகைய அனுபவம் என்பதை ஆடாதவர்கள் அறிவது கடினம். மழையைக் குறை சொல்ல முடியாது. ஆடுகளத்தைக் குறை சொல்ல முடியாது. அதிர்ஷ்டத்தின் மேலும் பழிபோட வழியில்லை. நான்கைந்து மணி நேரம் தன் கையாலேயே ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதி வந்தவன், முடிவில் எதிராளிக்குக் கை கொடுத்து, தன் தோல்வி பதிவான அந்தத் தாளில் தானே கையெழுத்திட வேண்டும். பிறகு முடிவைக் காட்டும் பொருட்டு இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவே நிறுத்த வேண்டும். இவ்வளவையும் முறைப்படி செய்துவிட்டு, மறுநாள் காலை வந்து ஜெர்மனியின் கீமரோடு அமர்ந்து சமன் செய்தார் குகேஷ். அணி மூன்றுக்கு ஒன்றாக வென்றது.

இதைக் கேட்டவுடன், ‘பார்த்தாயா, பொறுமையாக இருந்தான், இரண்டாண்டில் உலக சாம்பியன் ஆனான்’ என்று பக்கத்திலிருக்கும் மகனிடம் காதோடு சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லாதீர்கள் என்பதே நான் இவ்வளவு தூரம் வந்து சொல்லக்கூடிய ஒரே அபிப்பிராயம். நற்குணம் வெற்றியைத் தரும் என்று வாக்குக் கொடுத்து அதைப் பிள்ளைகளின் தலையில் கட்டினால், அதைவிட விரைவாக வெற்றி தரும் வேறொன்றைக் கண்ட மாத்திரத்தில் அவர்கள் நற்குணத்தைக் கைவிடுவார்கள். அதில் அவர்கள் பேரில் குற்றமும் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2023-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில், பெருமளவில் சோதனை செய்யும் நாடுகளுள் தடை செய்யப்பட்ட பொருள் அகப்பட்ட விகிதம் இந்தியாவிலேயே மிக அதிகம், 3.8 சதவிகிதம். வெற்றிக்காகவே எல்லாம் என்று கற்றவர்கள் கற்றதைத்தான் செய்திருக்கிறார்கள்.

ஒழுக்கம் வெற்றிக்காக அன்று, எதிராளிக்காக. எதிரே ஒருவன் வந்து உட்காராவிட்டால் ஆட்டமே இல்லை. தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்ற விதியை நினைத்துப் பாருங்கள்: நடுவர் பார்க்காத தருணத்தில், விரல் பட்டதை எதிராளியும் கவனிக்காதபோது, தொட்டவன் மட்டுமே அறிந்த அந்த உண்மைக்குக் கட்டுப்பட்டு ராணியை இழக்கச் சம்மதிக்கிறவன், எதிரே இருப்பவனுக்குக் கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்கிறான். அவன் தோற்கத்தான் செய்வான்.

பூஞ்சேரியிலிருந்து வடக்கே போனால் கோவளம். அங்கே மூர்த்தி மேகவன் என்னும் மீனவர் நடத்திவரும் அலைச்சறுக்குப் பள்ளியில், புகையும் குடியும் கூடாது, சறுக்கு மட்டுமே என்பது நிபந்தனை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் போனவர்களில் அந்தக் குப்பத்து இளைஞர்களும் இருந்தார்கள். ஆனால் என்னை அதிகம் கவர்ந்தது தண்ணீருக்குள் அவர்கள் அனுசரிக்கும் நியதி. அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவனுக்கே அந்த அலை சொந்தம். மற்றவன் எவ்வளவு சூரனானாலும், அது அன்றைய தினத்தின் மிகப் பெரிய அலையேயானாலும், பலகையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிட வேண்டும். போட்டியில் இதை மீறினால் மதிப்பெண்ணில் வெட்டு விழும். போட்டி இல்லாத நாளில் வெட்ட யாரும் இல்லை, ஆயினும் விடுகிறார்கள். கரையில் நிற்கும் வெளியூர்க்காரருக்கு, நல்ல அலையைக் கோட்டைவிட்டான் என்றுதான் தோன்றும்.

பெரியவர்களுக்கும் இந்த அடக்கம் சுலபமன்று. 2025 ஜூன் முதல் தேதி நார்வேயில் குகேஷிடம் தோற்ற முன்னாள் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன், 34 வயதில், மேஜையை ஓங்கிக் குத்தியதையும் காய்கள் சிதறியதையும் உலகமே பார்த்தது. உடனே அவர் வருத்தம் தெரிவித்து அந்தப் பையனின் முதுகைத் தட்டிக் கொடுத்ததையும் பார்த்தது. முதலாவதை மட்டும் நினைவில் வைத்திருப்பது நியாயமல்ல. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டத்தில் டிங் லிரெனை வென்று, அழுகையை அடக்க மாட்டாமல் அமர்ந்திருந்த குகேஷ், காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் வைத்துவிட்டுத்தான் எழுந்தார்.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பதினான்கு வயதுப் பையனுக்குப் பன்னிரண்டு என்று சான்றிதழ் வாங்கிச் சின்னப் பிள்ளைகளோடு ஓடவிடும் தந்தைமார் நம் நாட்டில் உண்டு. வயது மோசடியைப் பிடிக்க விளையாட்டுச் சங்கங்கள் எலும்பைப் படமெடுத்துப் பார்க்கும் அளவுக்கு அது பரவியிருக்கிறது. அந்தப் பையன் கற்கும் முதல் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவர் பயிற்சியாளர் அல்ல. வேலையை நிறுத்திவைத்து மகனோடு ஊர் ஊராகப் போன குகேஷின் தந்தையைப் போல், இங்கேயும் விடியுமுன் நீச்சல் குளத்துக்கும் பாட்மின்டன் கூடத்துக்கும் காரோட்டிப் போகும் தாய் தந்தையர் பலர் இருப்பீர்கள். அவ்வளவு தியாகம் செய்தவர்களுக்குத் தோல்வியைப் பொறுக்க முடியாமற் போவது இயற்கைதான். ஆனால் ஆட்டம் முடிந்து திரும்பும் காருக்குள் நீங்கள் நடுவரைப் பற்றிச் சொல்வதையும், எதிரே ஆடிய பிள்ளையைப் பற்றிச் சொல்வதையும் பின்னாசனத்தில் இருக்கும் குழந்தை ஒரு சொல் விடாமல் கேட்கிறது.

ஆகையால் இச்சங்கத்துக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான். அடுத்த ஆண்டு விழாவையொட்டி நீங்கள் நடத்தப்போகும் போட்டிகளில், பெற்றோர் எவரும் கோட்டுக்கு வெளியே நின்று நடுவரோடு வாதாடக் கூடாது என்று விதி செய்யுங்கள். அதை முதலில் மீறுகிறவர் சங்கத் தலைவராகவே இருந்தாலும் மைதானத்தை விட்டு அனுப்பிவிடுங்கள்.